74 வயது அப்பாவின் கண்கள் இன்னொருவருக்குப் பயன்படுமா?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 74 வயது. ஆயுசு முழுக்கக் கரும்பும் நெல்லும் போட்டவர். சர்க்கரை இருக்கிறது, இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. "நான் போனப்புறம் என் கண்ணை எடுத்துக் குடுத்துடுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அத்தையும் பெரியப்பாவும் ஒத்துக்கொள்ளவில்லை. முகம் கெட்டுவிடும், அடுத்த பிறவியில் கண் இல்லாமல் பிறப்பார் என்கிறார்கள். அண்ணன் துபாயில் இருக்கிறார். இந்த வயதில், இத்தனை நோயோடு அந்தக் கண் யாருக்காவது உதவுமா? அன்றைக்கு என்னதான் செய்வார்கள்? நாங்கள் என்ன செய்து வைக்க வேண்டும்? இவைதான் அவருடைய கேள்விகள்.

நான் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் கண் வங்கி ஆலோசகராக இருக்கிறேன். சாவு வீட்டுக்குப் போய்ப் பேசுவதும் என் வேலை, கருவிழிக்காகக் காத்திருப்பவர்களோடு மருத்துவமனையில் உட்கார்ந்து பேசுவதும் என் வேலை. இரண்டு பக்கத்தையும் பார்க்கிறவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். உதவும். வயதோ, சர்க்கரையோ, புரை ஆபரேஷனோ தடை இல்லை. ஆனால் உங்கள் அப்பா செய்யக்கூடியது விருப்பத்தைச் சொல்வது மட்டும்தான். அவருடைய மூச்சு நின்ற பிறகு முதல் ஒரு மணி நேரத்துக்குள் யார் ஃபோனை எடுக்கிறார்கள், யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது. அந்த ஆள் நீங்கள்தான். அதனால் இந்தப் பதிலில் மருத்துவத்தைவிட வீட்டைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

கண்ணைக் கொடுப்பது என்றால் முழுக் கண்ணையும் இன்னொருவருக்குப் பொருத்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பொருத்திப் பார்வை வரவைக்க யாராலும் முடியாது. பார்வை நரம்பை வெட்டி மறுபடி ஒட்டுவது இன்றைக்கும் ஆகாத காரியம். பயன்படுவது கருவிழி. கண்ணின் முன்பக்கம், கைக்கடிகாரத்தின் மேலிருக்கும் கண்ணாடி மாதிரி, நிறமே இல்லாமல் இருக்கும் படலம் அது. அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான தடிமன்தான். அது வெள்ளையாகிப் போனால், உள்ளே விழித்திரையும் நரம்பும் நன்றாக இருந்தாலும் வெளிச்சம் உள்ளே போகாது. "கண்ணுல பூ விழுந்துடுச்சு" என்று ஊரில் சொல்வதில் ஒரு பகுதி இதுதான். அந்தப் படலத்தை மாற்றினால் பார்வை திரும்பும். விழித்திரை கெட்டவருக்கோ, கண் அழுத்த நோயால் நரம்பு போனவருக்கோ இதனால் பலன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பார்வை இல்லாத எல்லோருக்கும் கண்தானத்தால் வழி பிறக்கும் என்று நம்பி வருகிறவர்கள் மனம் உடைந்து போகிறார்கள்.

கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. ஆக்சிஜனைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ரத்தப் பிரிவு பார்க்க வேண்டிய அவசியமில்லாமல் ஒருவருடையதை இன்னொருவருக்கு வைக்க முடிகிறது. இதயம் நின்று சில மணி நேரம் ஆன பிறகும் எடுக்க முடிவதற்கும் இதுவே காரணம். சிறுநீரகம், கல்லீரல் போல மூளைச்சாவு ஆகி, ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருந்தால்தான் முடியும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. வீட்டுத் திண்ணையில், சொந்தக் கட்டிலில் கண் மூடிய தாத்தாவும் கொடுக்கலாம்.

சரி, யாருக்குத்தான் இது போகிறது? காத்திருப்பவர்களைப் பார்த்தால் உங்கள் ஊர்க்காரர்களாகவே இருப்பார்கள். களத்தில் நெல் தூற்றும்போது சுணை தெறித்துக் கண்ணில் பட்டவர். கரும்பு வெட்டும்போது சோகை என்கிற அதன் இலை கீறியவர். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டில் முள் குத்தியவர். செடி, இலை, உமி பட்ட கீறலில் பூஞ்சைக் கிருமி ஏறிக்கொள்ளும். தென்னிந்தியாவில் விவசாயம் செய்கிறவர்களிடம் கருவிழிப் புண் இவ்வளவு இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம். முதல் நாள் கண் உறுத்துகிறது. தாய்ப்பால் விடுகிறார்கள், ஏதோ ஒரு இலைச் சாறு விடுகிறார்கள். அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்குகிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பும் வலியும் உடனே குறையும், உள்ளே பூஞ்சை வேகமாகப் பரவும். பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும்போது கருவிழியின் நடுவில் வெள்ளையாகப் புண் பிடித்திருக்கும். சில நேரம் ஓட்டையே விழுந்திருக்கும். அப்போது பார்வைக்காக இல்லை, கண்ணையே காப்பாற்றுவதற்காக அவசரமாகக் கருவிழி மாற்ற வேண்டியிருக்கும். அந்த ராத்திரி வங்கியில் கருவிழி இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கண்ணில் நெல்லோ தூசியோ பட்டு உறுத்தல் நிற்கவில்லை என்றால், அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். கசக்காதீர்கள். கடையில் கேட்டு மருந்து விடாதீர்கள். ஒரு கருவிழியை மாற்றுவதைவிட ஒரு கீறலை ஆற்றுவது ஆயிரம் மடங்கு சுலபம்.

விவசாயம் மட்டும் காரணமில்லை. கல்லூரியில் படிக்கும் வயதில் கருவிழி கூம்பிக்கொண்டே போகும் நோய் சிலருக்கு வருகிறது. வயதானவர்களுக்குப் புரை ஆபரேஷனுக்குப் பிறகு கருவிழியில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. தீபாவளிப் பட்டாசு உண்டு. தொழிற்சாலை ரசாயனம் உண்டு. இந்திய அரசு 2015 முதல் 2019 வரை நடத்திய பார்வையிழப்புக் கணக்கெடுப்பில், 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் பார்வை போவதற்கு முதல் காரணமாக வந்தது கருவிழி வெளுத்துப்போவதுதான். அந்த வயதுக்காரர்களில் பார்வை இழந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வேலைக்குப் போகும் வயது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது அது.

சுண்ணாம்பும் இருக்கிறது. வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அழுத்திப் பிதுக்கினால் நேராகக் கண்ணில் அடிக்கும். சுவருக்கு வெள்ளையடிக்கும்போதும் தெறிக்கும். உடனே நல்ல தண்ணீரை விட்டு அரை மணி நேரமாவது விடாமல் கழுவ வேண்டும், கழுவிய பிறகுதான் வண்டி தேட வேண்டும். வெற்றி பெற்ற முதல் கருவிழி மாற்று அறுவைச் சிகிச்சையே சுண்ணாம்பு பட்ட ஒரு கூலித் தொழிலாளிக்குத்தான் நடந்தது. 1905 டிசம்பரில், இன்றைய செக் நாட்டில் உள்ள ஓலோமோட்ஸ் என்ற ஊரில், எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டர் செய்தார். இரும்புத் துண்டு பாய்ந்து கண்ணையே எடுக்க வேண்டியிருந்த ஒரு சிறுவனின் கருவிழியை அந்தத் தொழிலாளிக்கு வைத்தார். இறந்தவர்களின் கண்ணிலிருந்து எடுத்தாலும் அது உயிரோடு ஒட்டும் என்று 1930களில் உக்ரைனில் உள்ள ஒடெசாவில் ஃபிலாடவ் என்ற டாக்டர் நிறுவிக் காட்டினார். 1940களின் நடுவில் நியூயார்க்கில் கண் வங்கி வந்தது. அதை ஒட்டியே, 1945ல், சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் இந்தியாவின் முதல் கண் வங்கி திறக்கப்பட்டது. டாக்டர் ஆர்.ஈ.எஸ். முத்தையா தொடங்கியது. இந்தியாவில் முதல் கருவிழி மாற்றை 1948ல் செய்தவரும் அவர்தான். நாட்டுக்கே இதில் வழி காட்டியது நம் ஊர் என்பதை அத்தையிடம் சொல்லிப் பாருங்கள். ஏதோ புதிதாக வந்த வெளிநாட்டுப் பழக்கம் என்ற எண்ணம் அவருக்கு இருக்கலாம்.

இப்போது உங்கள் அப்பாவின் உடம்புக்கு வருகிறேன். கண்ணாடி போட்டவர், புரை ஆபரேஷன் ஆனவர், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா உள்ளவர், எல்லோரும் கொடுக்கலாம். புரை ஆபரேஷனில் எடுப்பது உள்ளே இருக்கும் லென்ஸை. கருவிழி அப்படியே இருக்கிறது. புற்றுநோயில் போனவர்கள்கூடப் பெரும்பாலும் கொடுக்கலாம். ரத்தப் புற்றுநோயும் கண்ணிலேயே வந்த புற்றுநோயும் மட்டும் விலக்கு. வயதைப் பற்றி ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. 65 வயது வரை உள்ளவர்களின் கருவிழியையும், 66 முதல் 75 வயது வரை உள்ளவர்களின் கருவிழியையும் வைத்து அமெரிக்காவில் நூற்றுக்கணக்கானவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்து வருடம் கழித்து இரண்டு தரப்பிலும் 86 சதவீதம் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தன. உங்கள் அப்பாவுக்கு 74. அதற்கு மேல் வயதானவர்கள் கொடுப்பதையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். பயன்படுமா என்பதை மைக்ரோஸ்கோப் பார்த்துச் சொல்லும்.

எடுக்கக்கூடாத நிலைமைகள் உண்டு. வெறிநாய்க்கடி, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையில் பி, சி வகை, ரத்தம் முழுக்கக் கிருமி பரவிய நிலை, மூளைக் காய்ச்சல், ஏன் இறந்தார் என்றே தெரியாத மரணம். இவற்றை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம். "அப்பாவுக்கு இத்தனை வியாதி, வாங்க மாட்டாங்க" என்று நினைத்து ஃபோனே பண்ணாமல் விட்ட வீடுகள் நிறைய. கூப்பிடுங்கள், கேள்வி கேட்டு நாங்கள் சொல்கிறோம்.

அடுத்தது அந்த ஆறு மணி நேரம். கருவிழியின் உள்பக்கத்தில் ஒரே ஒரு வரிசையாகச் செல்கள் இருக்கின்றன. அவைதான் கருவிழிக்குள் வரும் நீரை வெளியே தள்ளித் தள்ளி அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. மனிதர்களிடம் இந்தச் செல்கள் போனால் திரும்ப வளர்வதில்லை. உயிர் போன பிறகு இவை ஒவ்வொன்றாக மடிய ஆரம்பிக்கின்றன. வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். அதனால்தான் இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்கிறோம், முடிந்தால் அதற்கும் முன்னால். நெல்லிக்குப்பத்துக்குக் கடலூர் பக்கம்தான். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, இரண்டிலும் கண் வங்கி உண்டு. ஆனால் திட்டக்குடிப் பக்கமோ விருத்தாசலத்துக்கு உள்ளேயோ என்றால் வண்டி வருவதற்கே இரண்டு மணி நேரம் ஆகலாம். அங்கே இருப்பவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

ஃபோன் பண்ணிவிட்டு நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இமையை மெதுவாக மூடுங்கள். சுத்தமான பஞ்சையோ துணியையோ தண்ணீரில் நனைத்து மூடிய இமை மேல் வையுங்கள், காயக் காய நனையுங்கள். தலைக்கு ஒரு தலையணை வைத்துக் கொஞ்சம் உயர்த்துங்கள், ரத்தம் கண்ணுக்கு இறங்காது. தலைக்கு மேல் ஓடும் ஃபேனை நிறுத்துங்கள். கூட்டம் வரும், புழுக்கம் தாங்காமல் யாராவது திரும்பப் போடுவார்கள். ஒருவரை இதற்கென்றே நிற்க வையுங்கள். ஐஸ் பெட்டி வந்துவிட்டால் தாராளமாக வைக்கலாம், குளிர்ச்சி கருவிழிக்கு நல்லதுதான். நாங்கள் வரும்போது கொஞ்ச நேரம் வெளியே எடுத்தால் போதும். சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்து, ஆஸ்பத்திரி ஃபைல், பக்கத்து டாக்டர் பார்த்து எழுதிக்கொடுத்த சீட்டு, இவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள்.

வந்ததும் என்ன செய்வோம்? முதலில் மாலை போடுகிற மாதிரிதான், கும்பிட்டுவிட்டு உட்காருவோம். கையெழுத்து வாங்குவோம். சட்டப்படி மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர் போன்ற நெருங்கிய உறவு ஒருவர் சம்மதிக்க வேண்டும், சாட்சி வேண்டும். ஒரு அறையையோ, இல்லாவிட்டால் நாலு பக்கமும் புடவை பிடித்த ஒரு மறைவையோ கேட்போம். வேலை முடிய இருபது நிமிடம்தான் ஆகும். கிருமி நீக்கிய கருவிகளோடு, பயிற்சி பெற்ற டாக்டரோ டெக்னீஷியனோ செய்வார். பெரும்பாலும் இப்போது முழுக் கண்ணையும் எடுப்பதில்லை. கருவிழியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் வெள்ளைப் பகுதியையும் மட்டும் வட்டமாக எடுத்துவிட்டு, அதே இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் மூடி வைத்து இமையை மூடிவிடுவோம். முழுக் கண்ணை எடுத்தாலும் உள்ளே செயற்கையாக ஒன்றை வைத்துத்தான் மூடுவோம். நோய் இருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் ரத்தமும் எடுப்போம். அபூர்வமாக இமை ஓரத்தில் ரத்தம் கசியும். பஞ்சு வைத்து அழுத்தி, நின்ற பிறகுதான் கிளம்புவோம்.

முகம் கெடாது. பெரியப்பாவிடம் நீங்கள் உறுதியாகச் சொல்லலாம். தூங்குகிறவரைப் பார்க்கிற மாதிரியேதான் இருக்கும். குளிப்பாட்டுவது, நெற்றியில் காசு வைப்பது, வாய்க்கரிசி, கடைசியில் முகம் பார்ப்பது, எதுவும் மாறாது. உடலை எடுக்கிற நேரத்தையும் தள்ளிப்போட வேண்டியதில்லை. நான் போன வீடுகளில், வேண்டாம் என்று முதலில் தகராறு செய்தவரே மறைவை விலக்கியதும் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் இன்னொரு மரணம் நடந்தால் ஃபோன் அவரிடமிருந்துதான் வரும். அதனால் பெரியப்பாவை எதிரியாகப் பார்க்காதீர்கள். தன் தம்பியின் முகம் கெட்டுவிடக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை. அது பாசம்.

அத்தை சொல்லும் மறுபிறவி விஷயத்துக்கு நான் வாதம் பண்ணுவதில்லை. எரித்தாலும் புதைத்தாலும் அந்தக் கண் இல்லாமல்தான் போகப்போகிறது என்று சொன்னால் அது உண்மைதான், ஆனால் அண்ணனுக்காக அழுதுகொண்டிருக்கும் ஒரு தங்கைக்கு அது கடுமையாகப் படும். நான் சுந்தரர் கதையைச் சொல்வேன். நம் நடுநாட்டுத் திருநாவலூரில் பிறந்தவர். திருவொற்றியூரில் கொடுத்த வாக்கை மீறியதால் பார்வை போய், வழியெல்லாம் தடுமாறி, பாடிப் பாடிக் காஞ்சியில் ஒரு கண்ணையும் திருவாரூரில் இன்னொரு கண்ணையும் திரும்பப் பெற்றார். ஒரு கண் கிடைத்த பிறகும் அவர் திருப்தியாகவில்லை, மற்றதற்காகவும் கேட்டார், உரிமையோடு கேட்டார். பார்வைக்காகக் கேட்பது அவ்வளவு இயல்பானது என்று நம் பெரியவர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் கண்ணப்பர். கண்ணைக் கொடுத்தவருக்குக் குறை வந்ததாக நம் கோயில்களில் ஒரு கதையும் இல்லையே அத்தை என்று கேளுங்கள். இலங்கையில் ஹட்சன் சில்வா என்ற டாக்டர் 1961ல் கண்தானச் சங்கம் தொடங்கியபோது மக்களின் பௌத்த நம்பிக்கையையே பற்றிக்கொண்டார். தானம் கொடுத்தால் அடுத்த பிறவிக்கு நல்லது என்று அங்கே அதை எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அந்தச் சின்ன நாடு உலகத்துக்கே கருவிழி அனுப்புகிறது. கிறிஸ்தவ சபைகள் இதை அன்பின் செயலாகவே பார்க்கின்றன. முஸ்லிம் குடும்பங்களில் கருத்து வேறுபாடு உண்டு, தாங்கள் மதிக்கும் மார்க்க அறிஞரான ஆலிமிடம் முன்னமே கேட்டுக்கொள்வது நல்லது.

பணத்தைப் பற்றியும் யாராவது பந்தலில் கிசுகிசுப்பார்கள். "கண்ணை வித்துட்டாங்க" என்று ஒரு வார்த்தை போதும், குடும்பம் பின்வாங்கிவிடும். 1994ல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம், 2011 திருத்தத்துக்குப் பிறகு திசுக்களையும் சேர்த்துக்கொண்டது. கருவிழியை விற்பதும் வாங்குவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நாங்கள் உங்களிடம் ஒரு ரூபாயும் வாங்க மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம். விபத்து, தற்கொலை போன்ற போலீஸ் கேஸாக இருந்தாலும் கண்தானம் முடியும், ஆனால் போலீஸ் அனுமதி வேண்டும், போஸ்ட்மார்ட்டம் நடக்கும் இடத்திலேயே எடுப்பார்கள். அந்த நேரத்தில் குடும்பம் கேட்டால்தான் நடக்கும்.

எடுத்த கருவிழி வங்கிக்குப் போனதும் அதைக் காக்கும் திரவத்தில் போட்டுக் குளிர்ச்சியில் வைக்கிறார்கள். பழைய வகைத் திரவத்தில் நாலு நாள் தாங்கும். மதுரை ஆரோலேப் நிறுவனத்தில் செய்யும் கார்னிசால் போன்ற திரவத்தில் 14 நாள் வரை. ரத்தப் பரிசோதனை முடிவு வர வேண்டும். உள்வரிசைச் செல்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். செல்கள் நிறைய இருந்தால் பார்வை திரும்புவதற்கான அறுவைக்கு, குறைவாக இருந்தால் புண்ணில் ஓட்டை விழுந்த கண்ணைக் காப்பாற்றுவதற்கு. இன்றைக்குப் படலம் படலமாகப் பிரித்து, கெட்ட அடுக்கை மட்டும் மாற்றும் முறைகள் வந்துவிட்டன. அதனால் இரண்டு கண்களால் இரண்டு பேருக்கும் அதிகமானவர்களுக்கு உதவ முடிகிறது.

எல்லாக் கருவிழியும் ஒருவருக்கு வைக்கும் நிலையில் இருப்பதில்லை. பொருந்தாதவை இளம் டாக்டர்களின் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் போகும். இதைக் குடும்பத்திடம் மறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவர்கள் கொடுத்தது வீணாகவில்லை. அந்தப் பயிற்சி இல்லாமல் ஒரு டாக்டர் உயிருள்ள ஒருவரின் கண்ணில் முடியைவிட மெல்லிய நூலால் பதினாறு தையல் போட முடியாது.

யாருக்கு வைத்தார்கள் என்று சொல்ல மாட்டோம். அவர்களுக்கும் கொடுத்தவர் பெயர் தெரியாது. பல குடும்பங்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கிறது. "ஒரு தடவை அந்தக் கண்ணைப் பார்த்துட்டு வந்துடறேனே" என்று கேட்ட அம்மாக்கள் உண்டு. ஆனால் பிறகு கடன்பட்ட உணர்வோ, எதிர்பார்ப்போ இரண்டு பக்கமும் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விதி. விதி சரி என்றுதான் நான் நினைக்கிறேன், அந்த அம்மாவிடம் அதைச் சொல்வது கஷ்டமாக இருந்தாலும்.

பெற்றுக்கொண்டவரின் பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டுப் பிரித்ததும் எல்லாம் பளிச்சென்று தெரிந்துவிடாது. பழைய முறையில் தைத்த கருவிழியில் பார்வை சீராக மாதங்கள் ஆகும், தையலை ஒரு வருடம் போல வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிப்பார்கள். டாக்டர் சொல்லாமல் சொட்டு மருந்தை நிறுத்தவே கூடாது. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஓடி வர வேண்டும். உடம்பு அந்தக் கருவிழியை ஏற்காமல் தள்ளுவதின் அடையாளம் அது, சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் அடக்கிவிடலாம். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து அம்மா ஒருவர் தேதி தவறாமல் செக்கப்புக்கு வருவார். தூற்றுகிற வேலைக்குப் போவதில்லை, கண்ணாடி போடாமல் வாசலுக்கே வருவதில்லை. "யாரோ குடுத்ததும்மா, நான் பத்திரமா வெச்சுக்கணும்ல" என்பார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உறுதிமொழி அட்டை வாங்குவது நல்லதுதான். ஆனால் நான் அதை அவ்வளவு பெரிதாக நினைப்பதில்லை. ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை ஒவ்வொரு வருடமும் கண்தான இருவாரம் வரும், ஊர்வலம் போவார்கள், கல்லூரிகளில் நூற்றுக்கணக்கில் கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள், நல்லபடியாக இன்னும் அறுபது வருடம் இருக்கப்போகிறவர்கள். அட்டை பீரோவில் கிடக்கும். அட்டையே இல்லாத வீட்டிலிருந்து நேரத்துக்கு வந்த ஒரு ஃபோனால் இரண்டு பேருக்குப் பார்வை வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அட்டை இருந்தும், சொல்ல ஆள் இல்லாமல், கருமாதிக்குப் பிறகு பீரோவைத் திறந்து பார்த்து அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பக்கத்துக் கண் வங்கியின் எண்ணை உங்கள் செல்லில் மட்டும் வைக்காதீர்கள், அம்மா செல்லிலும், அந்த நேரத்திலும் நிதானமாக இருக்கக்கூடிய ஒரு பக்கத்து வீட்டுக்காரர் அல்லது மாமா செல்லிலும் போட்டு வையுங்கள். பந்தல்காரருக்கும் ஐஸ் பெட்டிக்கும் ஃபோன் பண்ணுகிற ஆள் யாரோ, அவரையே இதற்கும் பொறுப்பாக்குங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் கூப்பிடத் தயங்க வேண்டாம். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது நேர்ந்தால் அங்கே நர்ஸிடமோ டாக்டரிடமோ உடனே சொல்லுங்கள்.

அண்ணனிடம் இந்த வாரமே பேசுங்கள். பல வீடுகளில் காரியம் நின்றுபோவது இங்கேதான். ஊரில் இருக்கும் எல்லோரும் சம்மதித்திருப்பார்கள், வெளிநாட்டிலிருந்து ஃபோனில், "நான் வர்ற வரைக்கும் அப்பாவை யாரும் தொடக்கூடாது" என்று ஒரு குரல் வரும். அவர் விமானம் ஏறுவதற்குள்ளேயே ஆறு மணி நேரம் போய்விடும். அவர் வந்து பார்க்கும்போது அப்பாவின் முகம் அப்படியேதான் இருக்கும் என்பதை இப்போதே அவருக்கு விளக்குங்கள். நீங்கள் சொல்வதைவிட அப்பாவே சொல்வது நல்லது. அவர் நன்றாக இருக்கும் ஒரு சாயங்காலம், தன் விருப்பத்தைத் தன் வாயாலேயே ஒரு நிமிடம் பேசச் சொல்லி செல்லில் பதிவு பண்ணுங்கள். அதை அண்ணனுக்கும் பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.